முதல் பிரதி யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் பேசப் போயிருந்தேன்.

பொன்னாடை, பூங்கொத்து, குரூப் போட்டோ, பேப்பர் தட்டில் ஒரு ஸ்வீட், ஒரு காரம்... வழக்கமாக இவ்வளவுதான். மேடையில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் சவால். இந்த முறை அந்தக் கவலையே இல்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் ஏ.சி. மண்டபம்!

நாவலை எழுதியவன் பெயர் சரவணன். (எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை இங்கே, திருவண்ணாமலையில். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனிஸ்ட்.

எங்கள் ஊருக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எதற்கு? 'நான் யார்' என்று தெரிந்துகொள்ள. மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்கி, கண்ணை மூடி உட்கார்ந்து, தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிற சரவணனுக்கும் அதே கேள்விதான். ஆனால் அவனுடைய கேள்விக்குத் தத்துவம் எல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

அவன் தட்டவில்லை. நாவல் எழுதினான்.

வேங்கிக்காலில் இருக்கிற என் வீட்டுக்கு அவன் அதைக் கொண்டுவந்து கொடுத்தது மழை நாளில். சட்டைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுவந்திருந்தான். "பொறுமையா படிங்க மேடம். படிச்சிட்டு வெளியீட்டுக்கு நீங்கதான் பேசணும்" என்றான்.

நாவலின் கதை இதுதான். ஒரு பையன் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாக வளர்கிறான். பக்கத்து வீடு சித்தப்பா வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரு சண்டையில் இன்னொரு பையன் கத்துகிறான் – "போடா... பெத்தவளே வேணாம்னு தூக்கிக் குடுத்த பிள்ளைதானடா நீ!" அன்றிலிருந்து அவன் கண்ணாடியைப் பார்க்கிறான். சித்தியின் முகத்தைப் பார்க்கிறான். மறுபடியும் கண்ணாடியைப் பார்க்கிறான். யாரிடமும் கேட்பதில்லை. காரணத்தைத் தானே கண்டுபிடிக்கிறான் – பிள்ளை இல்லாத அண்ணன் தன் பங்கு மல்லாட்டைக் கொல்லையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டார் என்று. (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை; கொல்லை என்றால் புன்செய் நிலம்.) வளர்த்தவள் செத்துப்போன பிறகு, வாலிபனாகி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் சித்தி வீட்டு வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிடுகிறான். கதவு திறக்கிறது. நாவல் முடிகிறது.

நன்றாகவே எழுதியிருந்தான். ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போன் போட்டேன்.

"இதுல எவ்ளோப்பா நிஜம்?"

"எல்லாமே நிஜம்தான் மேடம். அம்மா நல்லாத்தான் இருக்காங்க. அது மட்டும் கதைக்காக. அப்பாவும் சித்தப்பாவும்தான் இப்ப இல்ல."

"வீட்ல தெரியுமா, இப்படி எழுதியிருக்கேன்னு?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம். சித்திக்கும் தெரியாது."

இதைச் சொன்னபோது அவன் குரலில் நிம்மதி இருந்ததா, வருத்தம் இருந்ததா? எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இல்லை என்பதால் ஆட்டோ தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது. செங்கம் ரோட்டில் சின்ன மண்டபம். வாசலில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். புதுச் சட்டை, மல்லிகைப்பூ, குழந்தைகள்... கல்யாணத்துக்கு வந்த மாதிரியே இருந்தது.

சரவணன் ஓடிவந்து இரண்டு பெண்களை என் முன்னால் நிறுத்தினான்.

"எங்கம்மா மேடம். இவங்க எங்க சித்தி."

அம்மா, காமாட்சி. நெடுநெடுவென்ற உயரம். ஒடிசலான உடம்பு. சித்தி, அலமேலு. குள்ளம், உருண்டை முகம், தாடையில் ஒரு குழி. அதே குழி சரவணன் தாடையிலும் இருந்தது. நாவலைப் படித்திருக்காவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

காமாட்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் பேப்பர்ல எழுதறவங்களா? எம் பையனும் எழுதிக்கிட்டே இருப்பாங்க. லீவுக்கு வந்தான்னா லைட்ட அணைக்கவே மாட்டான். கரண்ட் ஜாஸ்தி ஆவுதுடான்னு திட்டுவேன். இப்ப பாத்தா இம்மாங் கூட்டம்!"

அலமேலு சிரித்தார். அக்காவுக்கு அரை அடி பின்னால்தான் நின்றார். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஆனால் கூடப் பிறந்த அக்காவிடம்கூட யாரும் அவ்வளவு அடக்கமாக நிற்கமாட்டார்கள்.

உள்ளே போகத் திரும்பினேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல்.

வேனை ஓட்டி வந்தவன். சரவணனைவிடச் சின்னவன். வெயிலில் கறுத்த முகம். என்னை வேனுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"நீங்கதான பேசப் போறீங்க?"

"ஆமாம்ப்பா. நீங்க?"

"பிரபு. சரவணனோட..." – நிறுத்தினான். "சித்தப்பா பையன்."

அலமேலுவின் மகன். அப்படியென்றால், சரவணனின் சொந்தத் தம்பி. அந்த நிறுத்தம் எதற்கு என்று புரிந்தது.

"பிரெஸ்ல இருந்து புக்குப் பொட்டிய ஏத்திட்டு வந்ததே நான்தான் மேடம். எங்கண்ணன் எழுதினதாச்சேன்னு ஒண்ண எடுத்துப் படிச்சேன். முழுசா படிச்சேன்." அவன் வேனின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். "எங்கம்மா பிள்ளைய நிலத்துக்கு வித்தவளா? சொல்லுங்க. நீங்களும் படிச்சீங்கதான?"

"அது கதைப்பா..."

"கதைன்னா பேரை மாத்திட்டா போதுமா? தாடையில குழி இருக்கிற சித்தின்னு எழுதியிருக்கான். எங்க ஊர்ல எத்தினி பேருக்கு தாடையில குழி இருக்கு?"

அவன் மண்டபத்தின் பக்கம் கைகாட்டினான்.

"உள்ள எங்க ஜனம் பூரா உக்காந்திருக்கு. அவங்க யாரும் படிக்கப் போறதில்ல. நீங்க மைக்குல சொன்னாத்தான் தெரியும். கதையை மட்டும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நான் மேடை ஏறிடுவேன். அப்புறம் இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது."

"இதை நீ சரவணன்கிட்ட நேரா சொல்லலாமேப்பா?"

"பேசினா அடிச்சிடுவேன் மேடம். அதான் பேசல."

மிரட்டல் மாதிரி இல்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

நேரே சரவணனைத் தேடிப் போனேன். மேடைக்குப் பக்கத்து அறையில் இருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ரிப்பன் கட்டிய ஒரு புத்தகம். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"மேடம், ஒரு சர்ப்ரைஸ். முதல் பிரதி வாங்கிக்கப் போறது யார் தெரியுமா?"

அழைப்பிதழில் ஒரு பேராசிரியர் பெயர் இருந்தது. அதைச் சொன்னேன்.

"அவருக்கு ரெண்டாவது பிரதி. முதல் பிரதி சித்திக்கு. மைக்குல கூப்பிடப் போறேன். சித்தின்னு இல்ல... அம்மான்னு."



"சரவணா, உங்கம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்கப்பா."

"அம்மாவுக்குத் தெரியாததா மேடம்? ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சிருக்கிறது வேற, மைக்குல கேக்கறது வேற. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்பாங்க." அவன் கண் கலங்கியிருந்தது. "ஸ்கூல் படிக்கிறப்போலேந்து அந்த வார்த்தை தொண்டையில நிக்குது மேடம். ஒரே ஒரு தரம் கூப்பிட்டுட்டா போதும். தனியா போய்க் கூப்பிட எனக்குத் தைரியம் இல்ல. நாலு பேர் முன்னாடின்னா அவங்களால என்னைத் திருப்பி அனுப்ப முடியாது இல்ல?"

பாருங்கள்... ஒரு நாவலையே எழுதி முடித்தவன். ஆனால் அவனுக்குள் இன்னும் அந்தப் பள்ளிக்கூடப் பையன்தான் நின்றுகொண்டிருந்தான்.

பிரபுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "உன் தம்பி வெளியில..." அதற்குள் பதிப்பாளர் வந்துவிட்டார். வேலூர்க்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். "வாங்க வாங்க, மதியத்துக்கு ஹாலை வேற பார்ட்டிக்கு விட்டிருக்காங்க" என்று என்னையும் அவனையும் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே மேடைக்குக் கொண்டுபோனார்.

ஆக, இருவர் திட்டமும் எனக்குத் தெரியும். ஒருவன் திட்டம் இன்னொருவனுக்குத் தெரியாது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்கோ எதுவுமே தெரியாது. காமாட்சியம்மா யாரிடமோ என்னைக் கைகாட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அலமேலு மடியில் வைத்திருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பின்வாசல் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பிரபு.

என் முறை வந்தது. கதையைச் சொல்லாமல் ஒரு நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா? நான் பேசினேன். நடை, வர்ணனை, நம் மாவட்டத்து மொழி, அச்சு, அட்டை... பேப்பரின் தரத்தைக்கூடப் பாராட்டினேன் என்று நினைக்கிறேன். சரவணன் முகம் வாடிவிட்டது. பிரபு கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஆனால் அசையவும் இல்லை. ஒரு கண்டம் தாண்டியாகிவிட்டது என்று உட்கார்ந்தேன்.

சரவணன் எழுந்தான்.

"முதல் பிரதியை வாங்கிக்க..." என்று ஆரம்பித்தவன், எச்சில் விழுங்கினான். அது மைக்கில் கேட்டது. "எங்க... எங்கம்மா அலமேலுவை மேடைக்குக் கூப்பிடறேன்."

மண்டபத்தில் ஏ.சி. சத்தம் மட்டும்.

எல்லாரும் எங்கே பார்த்தார்கள் தெரியுமா? அலமேலுவை இல்லை. காமாட்சியம்மாவை.

அலமேலுவும் அவரைத்தான் பார்த்தார். திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி இருந்தது அந்த முகம். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார் – "எனக்கு ஏம்ப்பா? அக்காவைக் கூப்பிடு."

"இல்ல. நீங்கதான் வரணும். நீங்கதான் என்னைப் பெத்தீங்க."

மைக்கில் சொன்னான்.

அங்கே இருந்த உறவுக்காரர்களில் இது தெரியாதவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார். அவன் பிறந்த நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் எல்லாரும் திடுக்கிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது வேறு விஷயமாகிவிடுகிறது இல்லையா?

காமாட்சியம்மா எழுந்தார். மேடைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி, யாரையும் பார்க்காமல், வாசலைப் பார்த்து நடந்தார். அலமேலு பையைப் போட்டுவிட்டு, "அக்கா... அக்கா..." என்று பின்னாலேயே ஓடினார்.

இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

மேடையில் சரவணன். நீட்டிய கை. கையில் ரிப்பன் கட்டிய புத்தகம். வாங்க ஆளில்லை. கையை மடக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. பதிப்பாளர் என்னைப் பார்க்கிறார், நான் பேராசிரியரைப் பார்க்கிறேன், பேராசிரியர் கூரையைப் பார்க்கிறார்.

அப்போதுதான் பிரபு நடந்து வந்தான். அவசரப்படாமல் வந்தான். மேடைப்படி ஏறினான். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்திருப்பேன்? தெரியாது.

அண்ணன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினான். இன்னொரு கையில் மைக்கை எடுத்தான்.

"எனக்கு மேடையில பேச வராது" என்றான். மைக் கீச்சிட்டது. "இந்தப் புக்கைப் படிச்சிட்டேன். இதுல ஒரு பையன் அம்மாவைத் தேடிக்கிட்டுப் போறான். போய் ஒரு வீட்டு வாசல்ல நிக்கறான். அந்த வீட்ல அந்தம்மாவைத் தவிர வேற யாருமே இல்ல." மூச்சு வாங்கினான். "அந்த வீட்லதான் நான் இருந்தேன்."

சரவணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான்.

"நாவல்ல என்னைக் காணோம். சரி, போவுது. இவன் நெனச்சிக்கிட்டு இருக்கான், இவனைத் தூக்கிக் குடுத்துட்டு என்னை மட்டும் ஆசையா வெச்சிக்கிட்டாங்கன்னு. இன்னாத்த வெச்சிக்கிட்டாங்க? வீட்ல என்ன பலகாரம் செஞ்சாலும் மொதத் தட்டு பெரியம்மா வீட்டுக்குத்தான் போவும். நான் காய்ச்சல்ல படுத்திருப்பேன். எங்கம்மா என் தலையைத் தொட்டுக்கிட்டே தெருவைப் பாப்பாங்க – இவன் ஸ்கூல் விட்டு வந்துட்டானான்னு. நான் அவங்க மடியில இருந்தேன். அவங்க கண்ணுல இவன்தான் இருந்தான். இவனுக்கு ரெண்டு அம்மா. எனக்கு எவ்ளோ கெடைச்சிது? இதை யாராவது எழுதினீங்களா?"

முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. யாரும் சமாதானப்படுத்தவில்லை.

"இவன் எங்க பெரியப்பா பையன்னு சொல்லிச் சொல்லியே வளந்துட்டேன். இவன் எங்கண்ணன். கூடப் பொறந்தவன். இதையும் மைக்குலயே சொல்லிடறேன், அவன் மட்டும்தான் சொல்லணுமா? புக்கை நான் வாங்கிக்கறேன்." மைக்கை வைக்கப் போனவன், மறுபடி எடுத்தான். "ஆனா பெரியம்மாவை அழ வெச்சிட்டான். அதுக்கு வெளிய போய்ப் பேசிக்கறேன்."

யாரோ கை தட்டினார்கள். ஒருவர் மட்டும். உடனே நிறுத்திவிட்டார். பதிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? "போட்டோ... ஒரு போட்டோ..." என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே முதலுதவி அதுதான்.

சரவணன் அதற்குள் மேடையிலிருந்து குதித்து ஓடிவிட்டான். பிரபுவும் பின்னால். அடிதடி ஆகிவிடக்கூடாதே என்று நானும் ஓடினேன். என் வயதுக்கும் முட்டிக்கும் அது ஓட்டம்தான்.

வெளியில் வெயில் கொளுத்தியது. காமாட்சியம்மா வேனுக்குள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே அலமேலு.

"சத்தியமா நான் கேக்கல அக்கா. இப்படிக் கூப்பிடுவான்னு எனக்குத் தெரியாது. எனக்கு எதுவும் தெரியாது அக்கா."

காமாட்சியம்மா முகத்தை எதிர்ச் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரவணன் வந்து நின்றதும் அலமேலு அவன் பக்கம் திரும்பினார். அந்தச் சின்ன உருவத்திலிருந்து அப்படி ஒரு குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க? குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவளா என்னை ஆக்கிட்டியேடா! இத்தினி வருசமா இந்த வாயால ஒரு தரம் உன்னை மகனேன்னு கூப்பிட்டிருப்பனா? இருந்த இருப்பெல்லாம் ஒரு நிமிசத்துல போச்சே!"

 சரவணன் கேட்டுவிட்டான். நாவலில் கேட்காததை, வேன் பக்கத்தில், நடுவெயிலில் கேட்டான்.

"ஏன் என்னைக் குடுத்தீங்க?"

"நான் எங்கடா குடுத்தேன்?"

அலமேலு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.  அப்புறம் சொன்னது எல்லாம் தணிந்த குரலில்.

"அக்காவுக்கு ஒண்ணும் தங்கல. கடைசியா ஒண்ணு பொறந்து போயிடுச்சி. அதுக்கப்புறம் அவங்க பேசறதையே நிறுத்திட்டாங்க. சோறு தண்ணி இல்ல. சுவரைப் பாத்துப் படுத்திருப்பாங்க. அப்பதான் நீ பொறந்த. ஒருநாள் உன்னைப் பாயில போட்டுட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பாக்கறேன், நீ அக்கா மடியில கெடக்குற. அக்கா உன்னைப் பாத்து சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. அவங்க சிரிச்சி எத்தினி மாசம் ஆயிருந்தது... எனக்கு உன்னைத் திருப்பி வாங்கக் கை வரல. சாயங்காலம் வாங்கிக்கலாம்னு இருந்தேன். சாயங்காலமும் வரல. பசிச்சா எடுத்தாருவாங்க, பால் குடுத்து அனுப்புவேன். அவ்ளோதான். யாரும் கேக்கல. யாரும் குடுக்கல."

"அப்ப நிலம்?"

"எந்த நிலம்? அது நீ ஸ்கூலுக்குப் போறப்ப பாகம் பிரிச்சது."

எனக்கு நாவல் ஞாபகம் வந்தது. நிலத்துக்காகப் பிள்ளையை மாற்றிக்கொண்ட அண்ணன் தம்பி, அதில் எவ்வளவு அழுத்தமான அத்தியாயம் தெரியுமா? நிஜத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. ஒரு பெண் குளித்துவிட்டு வந்தாள். இன்னொரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

வேனுக்குள்ளிருந்து காமாட்சியம்மாவின் குரல் வந்தது. எங்கள் யாரையும் பார்க்காமல், எதிர்ச் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நீ கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன்டி."

அலமேலு தலையாட்டினார். "தெரியும் அக்கா."

சரவணன் ஜன்னலருகே போனான். "அம்மா..."

"பேசாத." இப்போதுதான் அவர் அவனைப் பார்த்தார். கண்ணில் நீர் இல்லை. கோபம்தான். "இவதான் பெத்தான்னு எனக்குத் தெரியாதா? என் கண்ணு முன்னாடிதான பெத்தா! உனக்குக் கூப்பிடணும்னு இருந்தா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? நானே கூட்டிக்கிட்டு வந்து மேடையில நிறுத்தியிருப்பேனே. ஊரை வெச்சா சொல்லுவ? நான் என்ன, உன்னைத் திருடிக்கிட்டு ஓடினவளா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான்.  நூற்றுக்கணக்கில் பக்கங்கள் எழுதியவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

"பிரபு, வண்டிய எடு" என்றார் காமாட்சியம்மா.

அடிக்கப் போவதாகச் சொன்ன பிரபு என்ன செய்தான்? அண்ணன் முன்னால் வந்து நின்றான். முறைத்தான். "வார லீவுக்கு வருவதான? வா. அதுக்குள்ள நான் பேசிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். இடுப்பில், சட்டைக்குள், அந்தப் புத்தகத்தைச் செருகியிருந்தான்.

வேன் கிளம்பிப் போயிற்று. வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் மண்டபத்துக்குள்ளேயே ஸ்வீட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பஸ்தான்.

அதன் பிறகு நாலைந்து நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ... அந்த மனுஷி மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? நானே போன் செய்ய யோசித்தேன். கூப்பிட்டு என்னவென்று விசாரிப்பது?

நேற்று சரவணனே கூப்பிட்டான். வார லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறான்.

"அம்மா கதவைத் திறந்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க மேடம். என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசல. சித்தியைக் கூப்பிட்டு வெச்சிக்கிட்டாங்க. 'அலமேலு, அவனைச் சாப்பிடச் சொல்லு.' 'அலமேலு, அவன் சட்டை அழுக்கா இருக்கு, கழட்டிப் போடச் சொல்லு.' காலையிலேந்து சாயந்திரம் வரைக்கும் இதே கதை. சித்தி அவங்க வீட்டுக்கே போகல. இங்கயே உக்காந்து, அம்மா சொல்றதை எல்லாம் எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

கோபத்தில்கூட எப்படி ஒரு ஏற்பாடு பாருங்கள்!

"மன்னிப்புக் கேட்டியாப்பா?"

"கேட்டேன் மேடம். நிலம்னு எழுதினதுக்கு சித்திகிட்ட. மைக்குக்கு அம்மாகிட்ட. பிரபுவைக் கதையில விட்டதுக்கு அவன்கிட்ட. அவன் மட்டும் ஒத்துக்கல. அடுத்த புக்குல முதல் சாப்டர்லயே வரணுமாம்."

"சரி... இப்ப யாரை என்னன்னு கூப்பிடறே?"

 சிரித்தான். இத்தனை நாள் பழக்கத்தில் அவன் சிரித்து நான் கேட்டதில்லை.

"அதுதான் மேடம் பெரிய கூத்து. ரெண்டு பேரும் அடுப்பங்கரையில இருந்தாங்க. தண்ணி வேணும்னு வாசல்லேந்து 'அம்மா'ன்னேன். நான் யாரையும் நெனச்சிக் கூப்பிடல, சத்தியமா. ரெண்டு பேரும் திரும்பினாங்க. திரும்பிட்டு, 'உன்னத்தான் கூப்பிடறான்'னு ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிக்கிட்டாங்க."

"யார் தண்ணி குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. நானே எடுத்துக் குடிச்சேன்."

இங்கேதான் இந்தப் பத்தியை முடித்திருந்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு பயம். சரவணன் வாங்கிய திட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கும் அது தேவையா? காமாட்சியம்மாவுக்குப் போன் போட்டேன். எழுதியது முழுவதையும், ஒரு வரி விடாமல், படித்துக் காட்டினேன்.

பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும், "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திடுங்க" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"ரெண்டு பேரும் திரும்பினாங்கன்னு போட்டிருக்கீங்களே... நான்தான் மொதல்ல திரும்பினேன். அதைப் போடுங்க."

போட்டுவிட்டேன்.